நேரமாற்றத்தை நிறுத்தும் சட்டம் 2020-இலேயே நிறைவேறியது. பிறகு ஏன் இன்னும் மணிக்கூட்டைத் திருப்புகிறோம்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபுறோவில் வசிக்கும் வாசகி ஒருவரின் கடிதம் இது. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூ. (முதியோரின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் பராமரிப்புப் பணியாளர்) ஆக இரவு வேலை செய்கிறார். ஷிஃப்ட் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை. அரை மணித்தியாலம் சம்பளமில்லாத இடைவேளை போக, ஏழரை மணித்தியாலத்துக்குச் சம்பளம். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னே போனதால் அன்று எட்டரை மணித்தியாலம் வேலை செய்திருக்கிறார். சம்பளத்துண்டில் வந்தது ஏழரைதான். சம்பளத்தில் யூனியனுக்கும் காசு கழிக்கிறார்களாம். மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "மார்ச்சில் ஒரு மணித்தியாலம் குறைவாக வேலை செய்துவிட்டு முழுச் சம்பளம் எடுப்பீர்கள், கணக்குச் சரி" என்று பதில். ஆனால் மார்ச் மாதம் அந்த இரவில் இவர் விடுமுறையில் இருந்தார்.

கூட வேலை செய்யும் ஒருவர், "ஒன்ராறியோவில் இதை நிறுத்த 2020-இலேயே சட்டம் போட்டாயிற்று. இப்போது நேரத்தை மாற்றுவதே சட்டவிரோதம், அந்த இரவு வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்லலாம்" என்கிறாராம். அந்தச் சட்டத்தை உடனே அமுல்படுத்தும்படி கையெழுத்துச் சேர்த்துப் பிரதமருக்கு அனுப்ப வாசகி விரும்புகிறார். அவருடைய முக்கியமான கவலை வேறொன்று: குளிர்காலக் காலைகளில் அவருடைய 12 வயது மகன் இருட்டில் பள்ளிக்கூட பஸ்ஸுக்காக நிற்கிறான். "நேரமாற்றம் நின்றால் அவனுக்கு வெளிச்சம் கிடைக்கும்தானே?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு விடயங்கள் பின்னிக் கிடக்கின்றன. சம்பள விடயத்துக்குக் காலக்கெடு உண்டு, அது குறுகியதாகவும் இருக்கலாம். சட்டத்தை மாற்றும் விடயத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே இதை வாசித்து முடித்த கையோடு உங்கள் யூனியன் பிரதிநிதி யார் என்று தேடத் தொடங்குங்கள். எப்படி, என்ன சொல்லி என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

நிறைவேறியது உண்மை, நடைமுறைக்கு வரவில்லை

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. 2020-ஆம் ஆண்டு ஒட்டாவா மேற்கு–நெப்பியன் தொகுதியின் மாகாண உறுப்பினர் ஜெரமி ரொபேர்ட்ஸ் கொண்டுவந்த 214-ஆம் இலக்கத் தனிநபர் சட்டமூலம் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் அரச ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, துணைநிலை ஆளுநர் பிரகடனம் செய்யும் நாளில்தான் இது நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறது. பிரகடனத்துக்கு நாள் குறிப்பது மாகாண அமைச்சரவையின் கையில் இருக்கிறது. அந்த நாள் குறிக்கப்படும் வரை பழைய நேரச் சட்டமே நடைமுறையில் இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூடு முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும்.

எனவே நேரம் மாறும் இரவில் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்வதற்கு இந்தச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. சொல்லாமல் நின்றாலோ, "என் மணிக்கூட்டின்படி வந்தேன்" என்று ஒரு மணித்தியாலம் பிந்திப் போனாலோ அது ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகலாம். அந்த ஆபத்தைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம்.

கடிதத்தைப் பிரதமருக்கு அனுப்புவதிலும் பயன் குறைவு. கனடாவில் நேரத்தைத் தீர்மானிப்பது மாகாணங்களும் பிரதேசங்களும். சஸ்கச்சுவானின் பெரும்பகுதியில் மணிக்கூட்டைத் தொடுவதே இல்லை. யூக்கொன் 2020 மார்ச்சில் கடைசியாக ஒருமுறை முன்னே தள்ளிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டது. இவற்றுக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்படவில்லை. ஒன்ராறியோவுக்குள்ளேயே அற்றிக்கோக்கன், பிக்கிள் லேக் போன்ற சிறிய ஊர்கள் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

ஏன் பிரகடனம் செய்யவில்லை?

கியூபெக்கும் நியூ யோர்க்கும் சேர்ந்து மாறினால்தான் நாங்களும் மாறுவோம் என்பது ஒன்ராறியோவின் நிலைப்பாடு. அதற்கு நியாயம் உண்டு. ஒட்டாவாவில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் பாலத்துக்கு அப்பால் கியூபெக்கின் கற்றினோவில் வசிக்கிறார்கள். ரொறன்ரோ பங்குச் சந்தை நியூ யோர்க்குடன் சேர்ந்து காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது. நாங்கள் மட்டும் தனியே மாறினால் குளிர்காலத்தில் நியூ யோர்க் சந்தை ரொறன்ரோ நேரம் பத்தரைக்குத் திறக்கும். கற்றினோவில் எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடும் ஒருவருக்கு ஒட்டாவாவில் அப்போது ஒன்பது. ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் ஓடினால் எப்படியிருக்கும் என்று நம்மில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1996-இல் இலங்கை அரசு மணிக்கூட்டை மாற்றியபோது வன்னியில் பழைய நேரமே நடந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய ஐந்தரைக்குத் திரும்பும் வரை "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று கேட்காமல் ஒரு சந்திப்பையும் ஒழுங்கு செய்ய முடியவில்லை.

கியூபெக் பக்கம் தடை பெரிதில்லை. 2024 இறுதியில் அந்த மாகாண அரசு நடத்திய கருத்துக்கேட்பில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிலளித்தார்கள். அவர்களில் 91 வீதம் பேர் நேரமாற்றத்தை நிறுத்தச் சொன்னார்கள். இறுக்கமான பூட்டு நியூ யோர்க்கில்தான் இருக்கிறது, அதன் திறப்பு இருப்பதோ வோஷிங்டனில்.

அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டுச் சீரான நேரச் சட்டத்தின்படி ஒரு மாநிலத்துக்கு ஒரேயொரு தெரிவுதான் உண்டு: கோடை நேரத்துக்கு மாறாமல் ஆண்டு முழுவதும் நியம நேரத்தில், அதாவது நாம் குளிர்கால நேரம் என்று சொல்வதில், இருந்துவிடலாம். ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் அப்படித்தான் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் கோடை நேரத்தில் இருக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை. அதற்குக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும். புளோரிடா 2018-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குச் சட்டம் இயற்றியது, பிறகு வேறு பல மாநிலங்களும் இயற்றின. அவையெல்லாம் காங்கிரஸுக்காகக் காத்துக் கிடக்கின்றன. 2022 மார்ச் 15 அன்று செனட் சபை நிரந்தரக் கோடை நேரச் சட்டமூலத்தை ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றியது. அந்தச் செய்திதான் "அமெரிக்காவில் நேரமாற்றம் ஒழிந்தது" என்று வட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை, அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்ததும் சட்டமூலமும் காலாவதியானது. மறுபடி கொண்டுவந்தார்கள். 2025 ஒக்ரோபரில் அதை விரைவாக நிறைவேற்றும் முயற்சியை ஆர்கன்சோ செனட்டர் ரொம் கொட்டன் தடுத்தார்.

இங்கேதான் ஒரு முக்கியமான முரண் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவின் 214-ஆம் சட்டமூலம் மணிக்கூட்டைக் கோடை நேரத்தில் நிறுத்துகிறது. ரொறன்ரோ உட்பட மாகாணத்தின் கிழக்குப் பகுதிக்கு உலக நேரத்திலிருந்து ஆண்டு முழுவதும் 4 மணித்தியாலம் பின் என்று அது வரையறுக்கிறது. நியூ யோர்க் தானாகவே எடுக்கக்கூடிய ஒரே முடிவு அதற்கு எதிர்த் திசையில், 5 மணித்தியாலம் பின்னே நிற்பது. நாளைக்கே நியூ யோர்க் நேரமாற்றத்தை நிறுத்தினாலும் அது நாம் எழுதி வைத்திருக்கும் சட்டத்துக்குப் பொருந்தாது. நமது சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

உங்கள் மகனுக்கு வெளிச்சம் கிடைக்குமா?

நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக நடக்கும் என்பதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. டிசம்பர் இறுதியில் ரொறன்ரோவில் சூரியன் ஏறக்குறைய 7:50-க்கு உதித்து 4:45 அளவில் மறைகிறது. 214-ஆம் சட்டமூலம் நடைமுறைக்கு வந்தால் அதே நாளில் உதயம் 8:50, மறைவு 5:45. நவம்பர் முற்பகுதி தொடங்கி பெப்ரவரி மூன்றாம் வாரம் வரை எட்டு மணிக்கு முன் சூரியன் வராது. மேற்கே தண்டர்பேயில் இப்போதே டிசம்பர் உதயம் 8:50 அளவில்தான். அங்கு அது பத்து மணியை நெருங்கும்.

உங்கள் அனுபவத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். ஒக்ரோபர் கடைசி வாரத்தில் பஸ் தரிப்பில் இருட்டாக இருக்கும். நவம்பரில் நேரம் மாறிய மறுநாள் திங்கட்கிழமை அதே தரிப்பில், அதே நேரத்தில் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தைத் தந்தது நேரமாற்றம்தான். இந்தச் சட்டம் வந்தால் அந்தத் திங்கட்கிழமை வராது.

அமெரிக்கா இதை ஒருமுறை செய்து பார்த்தது. எண்ணெய் நெருக்கடியின்போது 1974 ஜனவரி 6 முதல் குளிர்காலத்திலும் கோடை நேரம் என்று மாற்றினார்கள். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போவதைக் கண்ட பெற்றோரின் எதிர்ப்பு வலுத்து, அந்த ஆண்டு ஒக்ரோபர் கடைசியிலேயே நியம நேரத்துக்குத் திரும்பினார்கள். ரஷ்யா 2011-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய், 2014-இல் அதைக் கைவிட்டு நிரந்தர நியம நேரத்துக்கு வந்தது. அல்பேர்ட்டாவில் 2021-இல் நிரந்தரக் கோடை நேரம் வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தபோது 50.2 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கேள்வித்தாளில் நிரந்தர நியம நேரம் என்ற தெரிவே இருக்கவில்லை.

ஆண்டுக்கு இரண்டுமுறை மணிக்கூட்டைத் திருப்புவதை நிறுத்தத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மார்ச் மாதத்தில் ஒரு மணித்தியாலத் தூக்கத்தைப் பறிப்பது உங்களைப் போன்ற இரவுப் பணியாளர்களை வாட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதுதான் உண்மையான கேள்வி. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கல்விக்கழகமும் உடலின் உள்மணிக்கூட்டை ஆராயும் கனடிய அறிஞர்களின் சங்கமும் நிரந்தர நியம நேரத்தையே பரிந்துரைக்கின்றன. காலை வெளிச்சம்தான் உடலை நாளோடு ஒத்துப்போக வைக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதற்கும் விலை உண்டு: ஜூனில் ரொறன்ரோவில் சூரியன் காலை 4:36-க்கு எழும், மாலை ஒன்பதுக்குப் பதில் எட்டுக்கு மறையும். பகல் தூங்கி மாலையில் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் ஒரு தாய் அந்த மாலை ஒரு மணித்தியாலத்தை இழக்கிறார். இரண்டையும் எடைபோட்டு நீங்கள் முடிவெடுங்கள். நான் நியம நேரத்தின் பக்கம்.

கையெழுத்து மனுவை எப்படி எழுதுவது

உங்கள் தொகுதியின் மாகாண நாடாளுமன்ற உறுப்பினர் மூலமாக ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கு அனுப்புங்கள். மனுவைச் சபையில் சமர்ப்பிப்பது உறுப்பினர்தான். எனவே கையெழுத்துச் சேர்க்கும் முன்பே அவருடைய தொகுதி அலுவலகத்துக்குப் போய் மனுவின் அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடிவம் பிழைத்தால் சேர்த்த கையெழுத்து முழுவதும் வீணாகும். பிரதி ஒன்றை மாகாணச் சட்டமா அதிபருக்கும் அனுப்பலாம்.

"நேரமாற்றத்தை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதினால் அதை 214-ஆம் சட்டமூலத்துக்கான ஆதரவாகவே எடுத்துக்கொள்வார்கள். பஸ் தரிப்பில் வெளிச்சம்தான் உங்கள் நோக்கம் என்றால் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை இப்போதுள்ள வடிவில் பிரகடனம் செய்ய வேண்டாம். ஆண்டு முழுவதும் நியம நேரம் என்று அதைத் திருத்துங்கள். கியூபெக்குடனும் நியூ யோர்க்குடனும் அந்த அடிப்படையில் பேசுங்கள். நியூ யோர்க் வோஷிங்டனுக்காகக் காத்திராமல் எடுக்கக்கூடிய வழி இது என்பதை மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தால் உறுப்பினரின் கவனத்தை ஈர்க்கும்.

அந்த ஒரு மணித்தியாலச் சம்பளம்

மேற்பார்வையாளர் சொன்ன "கணக்குச் சரி" உங்கள் விடயத்தில் சரியே இல்லை. மார்ச்சில் அந்த இரவு நீங்கள் வேலை செய்யவில்லை. வேறு யாரோ பெற்ற சலுகையை உங்கள் உழைப்பிலிருந்து கழிக்க முடியாது. ஒன்ராறியோவின் வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டத்தின் அடிப்படை, வேலை செய்த நேரத்துக்குச் சம்பளம் என்பது. மணிக்கூடு காட்டிய எண் என்ன என்பது பொருட்டல்ல.

ஆனால் சம்பளத்தில் யூனியனுக்குக் காசு கழிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு ஒரு கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பராமரிப்புத் துறையின் ஒப்பந்தங்களில் நேரமாற்ற இரவைப் பற்றித் தனி வாசகம் இருப்பது வழமை. மேலதிக நேரம், வேலை நேரம் ஆகிய பிரிவுகளில் தேடுங்கள். சிலவற்றில் "உண்மையில் வேலை செய்த நேரத்துக்குச் சாதாரணச் சம்பளம், கூடுதல் மணித்தியாலம் மேலதிக நேரமாகாது" என்றிருக்கும். அப்படியிருந்தால் எட்டரை மணித்தியாலச் சம்பளம் உங்களுக்கு உரியது, ஒன்றரை மடங்கு கிடைக்காது. வேறு சிலவற்றில் இரண்டு இரவுக்கும் ஒரே சம்பளம் என்றிருக்கலாம். அப்போது வாதம் கடினமாகும், என்றாலும் மார்ச்சில் வேலை செய்யாதவர் என்ற உங்கள் நிலையை யூனியன் எழுப்பலாம்.

மேலதிக நேரக் கணக்கையும் பாருங்கள். சட்டப்படி வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஐந்து ஷிஃப்ட் செய்தால் 37½. அந்த வாரம் ஒரு ஷிஃப்ட் கூடுதலாக எடுத்திருந்தால் 45. நேரமாற்ற மணித்தியாலத்தைச் சேர்த்தால் 46. ஆக இரண்டு மணித்தியாலம் மேலதிக நேரம். கவனிக்க வேண்டியது, அந்தக் கூடுதல் மணித்தியாலம் ஞாயிறு அதிகாலையில் விழுகிறது. உங்கள் வேலைத்தலத்தில் வாரம் ஞாயிறு தொடங்குவதாக இருந்தால் அது புதிய வாரத்தின் கணக்கு, சனி இரவு முடிந்த வாரத்துடையது அல்ல.

யூனியனில் உள்ளவர் தொழில் அமைச்சில் நேரடியாக முறைப்பாடு செய்ய முடியாது. கிறீவன்ஸ் எனப்படும் எழுத்துமூல முறைப்பாட்டை யூனியன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்கான காலக்கெடு ஒப்பந்தத்தில் இருக்கும், சில நாட்களாகக்கூட இருக்கலாம், ஆகவே தாமதிக்க வேண்டாம். பிரதிநிதியின் பெயர் வேலைத்தலத்தின் யூனியன் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சம்பளத்துண்டில் காணும் யூனியன் கிளையின் இலக்கத்தை வைத்து அதன் அலுவலகத்தை அழையுங்கள். யூனியன் இல்லாத ஒருவர் இதே நிலையில் இருந்தால், சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அமைச்சில் இணையம் வழியாக முறைப்பாடு பதியலாம். இரண்டு வழியிலும் உரிமையைக் கேட்டதற்காக முதலாளி உங்களைத் தண்டிப்பதைச் சட்டம் தடுக்கிறது.

அடுத்த நேரமாற்ற இரவில்

நவம்பரில் 1:00 முதல் 1:59 வரை இரண்டு முறை வரும். நோயாளி ஒருவர் 1:40-க்கு விழுந்தார், 1:20-க்குத் தாதியை அழைத்தேன் என்று பதிவில் இருந்தால், பிறகு விசாரணையில் எது முன், எது பின் என்று நிறுவ முடியாது. ஒவ்வொரு பதிவிலும் முதல் ஒரு மணியா, இரண்டாம் ஒரு மணியா என்று குறியுங்கள். கணினிப் பதிவில் அதற்கு இடமில்லையென்றால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டியவரை 12 மணிக்குத் திருப்பினால், அடுத்தது இரண்டாம் 1:00. மணிக்கூட்டில் 2:00 வரை காத்திருந்தால் மூன்று மணித்தியாலம் ஆகிவிடும். மார்ச்சில் 1:00-க்குத் திருப்பியவருக்கு அடுத்தது மணிக்கூட்டில் 4:00.

தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் சாப்பாட்டு இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். நவம்பரில் 11-க்குத் தொடங்கினால் மாறிய மணிக்கூட்டில் 3:00-க்கே ஐந்து மணித்தியாலம் நிறைந்துவிடும். வழமையாக மூன்றரைக்குப் போகிறவர் என்றால் அன்று முன்கூட்டியே போகவேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

யூனியன் பிரதிநிதியைச் சந்திக்கும்போது அந்த நவம்பர் காலத்தின் சம்பளத்துண்டு, நேர அட்டவணை, வந்ததும் போனதும் பதிந்த நேரக் குறிப்பு, மார்ச்சில் எடுத்த விடுமுறையின் ஒப்புதல், மேற்பார்வையாளர் எழுத்தில் பதில் தந்திருந்தால் அதன் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வாயால் சொன்ன பதில்தான் என்றால் திகதியும் சொன்ன வார்த்தைகளும் மறக்குமுன் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.